பீரங்கி மேட்டிலிருந்து ஆர்கான் மெஷின் வரை

எங்கள் வீட்டில் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா இருக்கிறது. அம்மா காலத்துச் சாமான். போன வருஷம் அதன் அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டுப்போச்சு. ஊர் வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ராடு வச்சா ஓட்டைதான் விழும்ணே. ஆர்கான்ல அடிக்கணும். தஞ்சாவூர் கொண்டு போங்க" என்றார்.

அண்டாவோடு பஸ் ஏற யோசனையாக இருந்தது. என்னிடம் ஏற்கெனவே ஒரு சின்ன ராடு வெல்டிங் மெஷின் உண்டு. பொழுதுபோக்கு மாதிரி ஆரம்பித்தது, கேட்டுக்கும் கேஜ் வீலுக்கும் கைகொடுக்கிறது. சரி, ஆர்கான் மெஷினும் ஒன்று வாங்கிவிடலாமா என்று புத்தி போச்சு. டிக் வெல்டிங் என்று புத்தகத்தில் சொல்வதைத்தான் நம்ம ஊரில் ஆர்கான் வெல்டிங் என்கிறோம். வாங்குவதற்கு முன்னால் தங்கச்சி மகனிடம் கேட்டேன். துவாக்குடி பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லர் குழாய் பற்ற வைக்கிற வேலை அவனுக்கு.

"மெஷின் வெலைய பாக்காதீங்க மாமா. காத்த எப்படி தடுக்கப் போறீங்கன்னு பாருங்க" என்றான்.

அப்போது புரியவில்லை. பழைய கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்த பிறகுதான் அவன் சொன்னது முழுசாக விளங்கியது. அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தஞ்சாவூர் வந்தால் எல்லாரும் பெரிய கோயில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறீர்கள். அடுத்த முறை கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில் ஏறிப் பாருங்கள். அங்கே நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி கிடக்கிறது. 17ஆம் நூற்றாண்டு வேலை. நீளம் சுமார் 25 அடி, எடை 20 டன்னுக்கு மேல். இது அச்சில் ஊற்றி வார்த்தது கிடையாது. நீளவாக்கில் இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, அதன் மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை வரிசையாக மாட்டி, சம்மட்டியால் அடித்து அடித்தே ஒட்டியிருக்கிறார்கள். கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கரண்டு இல்லை, கேஸ் இல்லை. அடுப்புக்கரி, துருத்தி, சம்மட்டி, ஆள் பலம். அவ்வளவுதான்.

அதே வித்தையைச் சின்ன அளவில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். எங்கள் தெருக்கோடியில் ஆசாரியின் கொல்லுப்பட்டறை. கொழு தட்டுவது, அரிவாளுக்குக் கருக்கு வெட்டுவது எல்லாம் அங்கேதான். காசு வாங்க மாட்டார். அறுப்பு முடிந்ததும் களத்தில் வந்து அவருக்கு உண்டான நெல்லை வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பங்குக்குப் பேரே சுதந்திரம். நாடு வாங்கிய சுதந்திரத்துக்கு முன்னாலேயே எங்கள் களத்தில் அந்த வார்த்தை இருந்திருக்கிறது.

மாட்டு வண்டிச் சக்கரத்துப் பட்டாவின் இரண்டு முனையையும் ஒட்டும்போதுதான் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். முனைகள் வெள்ளையாகப் பழுத்துப் பொறி பறக்கிற நேரத்தில் ஆசாரி ஒரு பிடி மணலை அள்ளித் தூவுவார். உடனே எடுத்து அடைகல்லில் வைத்து நாலு அடி. ஒட்டிக்கொள்ளும். எதற்கு மணல் என்று கேட்டால், "அழுக்கு போவ" என்பார்.

அவர் சொன்ன அழுக்கு வேறொன்றும் இல்லை, காற்றினால் வருவது. சூடான இரும்பு காற்றுப் பட்டதும் மேலே செதில் கட்டும். செதிலோடு செதில் ஒட்டாது. மணல் அந்தச் செதிலோடு சேர்ந்து கண்ணாடிக் குழம்பு மாதிரி உருகி, சம்மட்டி அடியில் பிதுங்கி வெளியே போய்விடும். உள்ளே சுத்தமான இரும்பும் இரும்பும் முகம் பார்த்து ஒட்டும். தட்டார் நகை பற்ற வைக்க வெங்காரம் போடுவதும் இதற்குத்தான். ஆக, பற்ற வைக்கிற தொழிலில் சூடு பாதி. காற்றை விரட்டுவது மீதிப் பாதி.

இனிமேல் நடந்த வரலாறு முழுக்க இந்த மீதிப் பாதியைப் பற்றியதுதான்.

1881இல் ரஷ்யாவைச் சேர்ந்த பெனார்டோஸ் என்பவர் கரித்துண்டில் மின்பொறி எழுப்பி இரும்பை உருக்கி ஒட்டினார். 1888இல் ஸ்லாவியானோவ் என்ற இன்னொரு ரஷ்யர் கரிக்குப் பதில் இரும்புக் கம்பியையே வைத்தார். கம்பியே உருகி இடைவெளியை அடைத்தது. ஆனால் காற்றுப் புகுந்து ஒட்டு நொறுங்கியது. ஸ்வீடன் நாட்டு ஆஸ்கார் செல்பெர்க் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பிக்கு மேல் மருந்து பூசினார். அந்தப் பூச்சு எரிந்து புகையாகி ஒட்டை மூடும், மிச்சம் ஓடாக மேலே படியும். இன்றைக்கு நம்ம பட்டறையில் ராடு அடித்து முடித்ததும் சின்னச் சுத்தியலால் தட்டி எடுக்கிறார்களே, அதுதான் அந்த ஓடு. ஆசாரியின் மணல் கம்பிக்கு மேல் ஏறிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் இது எப்படி வந்தது? 1960இல் தஞ்சாவூர் மாவட்டத்தைத் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு எடுத்தார்கள். பேக்கேஜ் திட்டம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உரம், புது விதை, கடன் எல்லாம் சேர்ந்து வந்தது. பின்னாலேயே பம்புசெட்டும் டிராக்டரும் வந்தன. டிராக்டர் சேற்றில் இறங்கணும் என்றால் இரும்புக் கேஜ் வீல் வேண்டும். அது வரப்பில் மோதும், கல்லில் மோதும், பட்டை பட்டையாக விட்டுப்போகும். அதைக் கொல்லன் உலையில் ஒட்ட முடியாது. ரோட்டோரம் வெல்டிங் பட்டறைகள் முளைத்தன. எங்கள் ஊருக்கு 1980களில் வந்தது. ஆசாரி பட்டறையில் துருத்தி நின்றுபோனதும் ஏறக்குறைய அதே சமயம்தான். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கொழுவும் வண்டிப் பட்டாவும் போச்சு, வேலை போச்சு, களத்து நெல்லும் நின்றது.

இப்போது ஆர்கானுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் சமயம் அமெரிக்காவில் நார்த்ராப் என்ற விமானக் கம்பெனி மெக்னீசியத்தில் விமானம் கட்ட ஆசைப்பட்டது. மெக்னீசியம் உருகும் சூட்டில் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கிற உலோகம். மணலும் மருந்தும் அதனிடம் செல்லாது. அங்கே வேலை பார்த்த ரஸ்ஸல் மெரிடித் 1941இல் வேறு வழி கண்டார். உருகாத டங்ஸ்டன் முனையில் பொறி எழுப்பி, அதைச் சுற்றி ஹீலியம் வாயுவை ஊதினார். எதனோடும் சேராத வாயு அது. காற்று கிட்டவே வரவில்லை. ஹீலியத்துக்கும் நம்ம பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் உட்கார்ந்து பார்த்த பிரெஞ்சுக்காரர் ஜான்சன் பெயரும் அதன் கண்டுபிடிப்பில் சேர்ந்திருக்கிறது. பிறகு ஹீலியத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஆர்கான் பிடித்துக்கொண்டது. நாம் மூச்சு விடும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஆர்கான் இருக்கிறது. காற்றிலிருந்து பிரித்து எடுத்து, காற்றையே விரட்டப் பயன்படுத்துகிறார்கள்.

விமானத்துக்கு வந்தது நம்ம வாசலுக்கு வந்த வழி திருச்சி. 1965இல் திருவெறும்பூரில் பெல் பாய்லர் தொழிற்சாலை தொடங்கியது. பாய்லர் என்றாலே குழாய், குழாய் என்றாலே ஒட்டு. அழுத்தம் தாங்கும் குழாயின் உள்பக்கம் கைவிட்டுச் சுத்தம் செய்ய முடியாது. அதனால் முதல் ஓட்டத்தை ஆர்கானில் போடுவார்கள். 1975இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. சுற்றுவட்டாரத்தில் சின்னச் சின்ன பேப்ரிகேஷன் கம்பெனிகள் பெருகின. டெல்டாப் பையன்கள் ஐடிஐ முடித்து அங்கே கை பழகி, சிங்கப்பூர், வளைகுடா என்று போனார்கள். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கைத்தொழிலால்தான். என் மருமகன் அந்த வரிசையில் வந்தவன்.

மெஷின் மலிவானது கடைசி அத்தியாயம். பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் கனமான இரும்பும் செம்பும். இரண்டு பேர் தூக்கணும். நம்ம கரண்டு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது, அந்த வேகத்துக்கு அவ்வளவு இரும்பு தேவை. இன்வெர்ட்டர் மெஷின் அதைப் பல ஆயிரம் தடவையாக மாற்றிவிடுகிறது. அதனால் உள்ளங்கை அளவு டிரான்ஸ்பார்மர் போதும். 1970களின் கடைசியில் பின்லாந்தில் விற்பனைக்கு வந்தது, இன்று தோளில் மாட்டிக்கொண்டு போகிற அளவு ஆகிவிட்டது.

அப்படியானால் எதை வாங்குவது? மருமகன் சொன்னதும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதும் இது.

இரும்பும் எவர்சில்வரும்தான் என்றால் டிசி மெஷின் போதும். அலுமினியத்துக்கு ஏசி வசதி வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் இருக்கும் தோல் 2000 டிகிரி தாண்டித்தான் உருகும். அந்தத் தோலை ஏசிதான் உரிக்கும். அந்த வசதிக்கு விலை இரண்டு மூன்று மடங்கு. எனக்கு அலுமினியம் வருஷத்துக்கு ஒரு தடவை. வேண்டாம் என்று விட்டேன். ராடும் போடலாம் என்கிற மெஷினாகப் பார்த்து வாங்கினேன்.

தகட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 40 ஆம்பியர் கணக்கு. எவர்சில்வருக்கு இன்னும் குறைவு. ஆகவே 400 ஆம்பியர் என்று அட்டைப்பெட்டியில் எழுதியதைப் பார்த்து மயங்க வேண்டாம். 80 ஆம்பியரில் வேலை செய்தால் வீட்டு லைனில் ஒன்றரை கிலோவாட் பக்கம்தான் இழுக்கும். பம்புசெட்டின் இலவச மின்சாரத்தில் போடாதீர்கள், அது பாசனத்துக்குக் கொடுத்தது. டூட்டி சைக்கிள் 60 சதவீதம் என்றால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் ஓட்டலாம், நாலு நிமிஷம் ஆற விடணும். டங்ஸ்டன் கம்பியில் சிவப்பு முனை வேண்டாம். அதில் தோரியம் இருக்கிறது, தீட்டும் தூசி மூச்சில் போகக் கூடாது. நீல முனை வாங்குங்கள்.

செலவு உண்மையில் இருப்பது சிலிண்டரில். பெரிய சிலிண்டரில் 7 கனமீட்டர், அதாவது 7000 லிட்டர் ஆர்கான் இருக்கும். நிமிஷத்துக்கு 8 லிட்டர் விட்டால் பதினாலு மணி நேரம் சொச்சம் வரும். 10 லிட்டர் கொள்ளளவு உள்ள சின்ன சிலிண்டர் மூன்று மணி நேரம். வாங்கும் முன் உங்கள் பக்கத்தில் நிரப்பித் தருகிற இடம் எங்கே என்று விசாரியுங்கள். மெஷினை வாங்கி, வாயு கிடைக்காமல் மூலையில் போட்டவர்களைத் தெரியும்.

நான் வாங்கியது ஆடி மாசம். கொட்டகையில் காற்று அள்ளிக்கொண்டு போகும். ஆர்கான் எங்கே நிற்கும்? ஒட்டெல்லாம் பொரிப் பொரியாக வந்தது. சாக்கைக் கட்டித் திரை போட்ட பிறகு சரியானது. ஒரு நாள் முகமூடி போடாமல் ஒரே ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். ராத்திரி முழுக்கக் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். மெஷினுக்கு முன்னால் நல்ல முகமூடி வாங்குங்கள்.

பழைய தகட்டில் இரண்டு மாசம் பழகிய பிறகு அண்டாவைத் தொட்டேன். வெளியே ஒட்டு அழகாக வந்தது. உள்ளே பார்த்தால் கரிந்து சர்க்கரை பொரிந்த மாதிரி இருக்கிறது. மருமகனுக்கு போட்டோ அனுப்பினேன்.

"உள்பக்கம் காத்து இருந்துச்சுல்ல மாமா. அங்கயும் ஆர்கான் விடணும். நாங்க குழாய்க்குள்ள ரொப்பிட்டுத்தான் அடிப்போம்" என்றான்.

அந்த ஒட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, உள்பக்கம் அலுமினியத் தாளை ஒட்டி, அதற்குள் சின்னக் குழாயில் ஆர்கானை விட்டு மறுபடி அடித்தேன். இரண்டு பக்கமும் வெள்ளையாக வந்தது. தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வைத்தோம், ஒரு சொட்டு இல்லை. பொங்கலுக்கு அதில்தான் வெந்நீர் போட்டார்கள்.

இந்தக் குறுவைக்கு, எங்கள் முறைத் தண்ணீர் வந்த அன்று பார்த்து கேஜ் வீல் பட்டை விட்டுப்போச்சு. பட்டறையில் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அதே மெஷினில் ராடு மாட்டி வயலோரக் கொட்டகையிலேயே அடித்து இறக்கிவிட்டோம், முறை தவறவில்லை.

ஆசாரியின் அடைகல்லை அவர் மகன் பழைய இரும்புக்குப் போடப் போனபோது நான் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அண்டாவின் நெளிவை அதில் வைத்துத்தான் தட்டி எடுத்தேன்.