அம்பறாத்தூணி மரம்

அம்பறாத்தூணி மரம் (அலோயிடென்ட்ரான் டைகோடோமம்) என்பது தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்திலும் நமீபியாவிலும் உள்ள வறண்ட பகுதிகளில் வளரும் சதைப்பற்றுள்ள மரமாகும். சான் மக்கள் இதன் கிளைகளைக் குடைந்து அம்பறாத்தூணி செய்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. கியூ தாவரவியல் பூங்காவின் சேகரிப்பாளரான பிரான்சிஸ் மாசன் 1776 இல் இதனைக் கற்றாழைப் பேரினத்தில் வைத்து விவரித்தார். 2013 இல் இது அலோயிடென்ட்ரான் என்னும் தனிப் பேரினத்தில் சேர்க்கப்பட்டது.

உலர்தாவரகப் பதிவுகள்

உலர்தாவரகம் என்பது அழுத்தி உலர்த்தப்பட்ட தாவர மாதிரிகளை, அவை சேகரிக்கப்பட்ட இடம், நாள் முதலிய குறிப்புகளுடன் பாதுகாக்கும் இடமாகும். இம்மரத்தின் தடித்த இலைகள் நீரைத் தேக்கி வைப்பதால் எளிதில் உலர்வதில்லை. எனவே அவற்றைப் பிளந்து, உட்சதையை நீக்கிய பின்னரே உலர்த்துவர். இக்கடினத்தால் சதைப்பற்றுள்ள தாவரங்களின் மாதிரிகள் பொதுவாகக் குறைவாகவே சேகரிக்கப்படுகின்றன. ஆகவே, பதிவு இல்லாத இடத்தில் தாவரமும் இல்லை எனக் கொள்ள இயலாது.

முக்கியத்துவம்

இம்மரத்தின் பரவல் எல்லையில் வெப்பம் மிகுந்த வடபகுதியில் மரங்கள் மிகுதியாக மடிவதை 2007 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இத்தகைய இழப்பை அளவிட, மரங்கள் முன்னர் நின்ற இடங்கள் தெரிந்திருக்க வேண்டும். பழைய மாதிரிகளின் குறிப்புச்சீட்டுகள் அதற்குச் சான்றாகின்றன.