முள்ளெலி

பூச்சியுண்ணும் சிறு பாலூட்டி. எரினாசிடே குடும்பத்தைச் சேர்ந்தது. பெயரில் எலி இருந்தாலும் எலிக்கு உறவில்லை. மூஞ்சூறே நெருங்கிய இனம். இலங்கைக் காடுகளில் முள்ளெலி கிடையாது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பற்றைக்காடுகளில் முள்ளோடு திரிவது முள்ளம்பன்றி. அது கொறிவிலங்கு, 18 கிலோ வரை எடை கூடும், மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்னும். அது முள்ளை அம்புபோல் எய்யும் என்பது கட்டுக்கதை. எதிரியை நோக்கிப் பின்புறமாகப் பாயும்போது தளர்வான முட்கள் கழன்று எதிரியின் உடலில் தைத்துவிடுகின்றன.

ஈழத்தமிழருக்கு மிக அருகில் வாழும் முள்ளெலி, தமிழகத்தின் வறண்ட புதர்நிலங்களில் காணப்படும் சென்னை முள்ளெலி. 1851இல் இயற்கையியலாளர் ஹார்ஸ்ஃபீல்டு இதை விவரித்தார். தென்னிந்தியாவுக்கு வெளியே இது இல்லை. இரவில் வண்டு, கறையான், புழு தேடும். பகலில் வளையிலோ புதரடியிலோ உறங்கும். இரையும் நீரும் அருகினால் உடல் வெப்பத்தைத் தணித்துச் சோம்பிக் கிடக்கும்.

ஆபத்தை உணர்ந்தால் முதுகுத் தோலின் விளிம்பிலுள்ள வட்டத்தசை சுருக்குப்பையின் கயிறுபோல் இறுகும். தலை, கால், வயிறு எல்லாம் உள்ளே போய் முட்பந்து மட்டும் எஞ்சும். இந்த முட்கள் கெரட்டினாலான தடித்த மயிர்களே, எளிதில் கழலா. பிறந்த குட்டியின் முட்கள் தோலுக்கடியில் புதைந்திருப்பதால் தாய்க்குக் காயமில்லை. புதிய வாசனைப் பொருளை மென்று நுரைத்த எச்சிலை முட்களில் பூசிக்கொள்வதும் முள்ளெலி இனங்களின் வழக்கம். காரணம் இன்னும் விவாதத்தில் உள்ளது.

பந்தாகச் சுருளும் உத்தி வண்டிச் சக்கரத்தின் முன் பயனற்றது. நாட்டுமருந்துக்காகப் பிடிப்பதும் புதர்நிலம் அழிவதும் மற்ற அச்சுறுத்தல்கள்.