சிட்டையிலிருந்து செயலிக்கு: தமிழகச் சில்லறை வணிகத்தில் தொழில்நுட்பமும் அதிகார மாற்றமும்

முன்னுரை

தமிழ்நாட்டில் சில்லறை வணிகம் பற்றிய விவாதம் பல்லாண்டுகளாக ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது: பெரிய கடை வந்தால் சின்னக் கடை பிழைக்குமா? 1990களில் பல்பொருள் அங்காடிகள் வந்தபோது இதைக் கேட்டார்கள். 2012இல் அந்நிய நேரடி முதலீடு பற்றிப் பேசியபோதும் கேட்டார்கள். பத்து நிமிடத்தில் பொருளை வீட்டு வாசலில் சேர்க்கும் செயலிகள் வந்துவிட்ட இன்றும் அதையேதான் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் போதுமானது அல்ல. கடையின் அளவை மட்டும் பார்க்கும் இந்தப் பார்வைக்கு, கடைக்குள்ளே நடந்திருக்கும் ஆழமான மாற்றம் தட்டுப்படுவதில்லை.

ஒரு மளிகைக் கடைக்காரர் கையில் ஒருகாலத்தில் மூன்று அதிகாரங்கள் இருந்தன. பொருளை அளந்து கொடுப்பது அவர். விலை சொல்வது அவர். யார் என்ன வாங்கினார், எவ்வளவு பாக்கி என்ற கணக்கை வைத்திருப்பதும் அவர். தமிழகச் சில்லறை வணிகத்தின் நவீன வரலாறு, அளவு, விலை, கணக்கு ஆகிய இந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கையை விட்டுப் போன வரலாறு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். முதல் இரண்டும் போனபோது கடை நிலைத்தது. மூன்றாவது போகும்போது நிலைக்குமா என்பது தொழில்நுட்பத்தைவிட, வணிகர்கள் கட்டியெழுப்பும் அமைப்புகளையே பொறுத்தது.

அங்காடி மரபும் அமைப்பு பலமும்

பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி காட்டுகிறது. இடைக்காலக் கல்வெட்டுகளில் ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் போன்ற வணிகக் குழுக்கள் இடம்பெறுகின்றன. தமிழ் வணிகர் தனி ஆளாக இயங்கியதைவிடக் குழுவாக இயங்கியதே அதிகம் என்பதற்கு இவை சான்று.

இந்த மரபின் வலிமையான நவீன வடிவம் தென்மாவட்டங்களில் உருவானது. சாதிக் கொடுமைகளுக்கு ஆளாகியிருந்த நாடார் சமூக வணிகர்கள், 19ஆம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் உறவின்முறை என்ற அமைப்பின்கீழ் திரண்டார்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்தார்கள். அந்தப் பணம் கிணறாக, பேட்டையாக, பள்ளிக்கூடமாக மாறியது. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்ததுதான். 1910இல் நாடார் மகாஜன சங்கமும், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் வந்தன. அந்த வங்கியே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. சென்னைத் தெருமுனைகளில் பரவிய ‘அண்ணாச்சி கடை’க்குப் பின்னால், ஊரிலிருந்து வந்த கடைப் பையனைத் தொழில் பழக்கிப் பிறகு தனிக்கடை வைக்கத் துணைநின்ற உறவு வலை இருந்தது.

நகரத்தில் வேறு இரண்டு மாதிரிகள் தோன்றின. 1863இல் சென்னையில் தொடங்கிய ஸ்பென்சர், ஐரோப்பியருக்கும் வசதி படைத்தோருக்குமான பெருங்கடையாக வளர்ந்தது. 1904இல் பிறந்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் இதற்கு நேரெதிரானது. இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844இல் காட்டிய வழியில், வாங்குபவர்களே கடையின் உரிமையாளர்கள் ஆனார்கள். இந்தியாவின் நுகர்வோர் கூட்டுறவு இயக்கத்துக்கு முன்னோடி இச்சங்கமே. பின்னாளில் தமிழகம் முழுவதும் பரவிய கூட்டுறவுப் பண்டக சாலைகளுக்கும், இன்று 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நியாயவிலைக் கடைகளுக்கும் உரிய சிந்தனை இங்கே வேர்கொண்டது.

முதல் மாற்றம்: அளவு

சுதந்திரத்துக்கு முந்தைய மளிகைக் கடையில் அரிசி படியாலும் எண்ணெய் ஆழாக்காலும் புளி வீசையாலும் விற்றன. ஒரு வீசைக்கு 40 பலம். ஆனால் படி எல்லா ஊரிலும் ஒரே படியல்ல. பட்டணத்துப் படிக்கும் பிற ஊர்ப் படிக்கும் வேறுபாடு இருந்தது. எந்தப் படி, தலைதட்டியா கோபுரமாகவா என்பதைக் கடைக்காரரும் வாங்குபவரும் பேசித்தான் முடிவுசெய்தார்கள்.

1956இல் நாடாளுமன்றம் எடை அளவுத் தரச் சட்டத்தை நிறைவேற்றியது. 1957 ஏப்ரல் 1 அன்று அணாவும் பழைய பைசாவும் போய் நயா பைசா வந்தது. 1960களின் தொடக்கத்தில் கிலோவும் லிட்டரும் கடைக்குள் நுழைந்தன. அரசு முத்திரையிட்ட எடைக்கல் கட்டாயமானது. அளவு குறித்த இறுதிச் சொல் கடைக்காரரிடமிருந்து அரசுக்குப் போனது.

இதனால் சின்னக் கடை அழியவில்லை, வலுவே பெற்றது. எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளரும் ஏமாறாமல் வாங்க முடிந்ததால் நம்பிக்கை கூடியது. அளவில் இருந்த நெகிழ்வு வேறு வழியில் தொடர்ந்தது. காய்கறியோடு ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுவது எந்த எடைச் சட்டத்துக்கும் உட்படாத வழக்கமாக இன்றுவரை நீடிக்கிறது.

இரண்டாம் மாற்றம்: பொட்டலமும் விலையும்

அடுத்த மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. 1970கள் வரை மளிகைக் கடையில் பெரும்பாலான பொருள்கள் மூட்டையிலிருந்தும் டின்னிலிருந்தும் உதிரியாகவே விற்றன. கடைப் பையன் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பருப்பைக் கொட்டி, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி அறுப்பான். அந்தப் பொட்டலத்தில் எந்த நிறுவனத்தின் பெயரும் இருக்காது. பருப்பு நல்லதா என்பதற்குக் கடைக்காரரின் பெயரே உத்தரவாதம்.

இதை மாற்றிய புதுமைகளில் ஒன்று கடலூரில் பிறந்தது. சின்னி கிருஷ்ணன், வசதியுள்ளவர் வாங்கும் பொருளை ஏழையும் வாங்கும் அளவில் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்க வேண்டும் என்ற எண்ணத்தின் முன்னோடி. அவர் வழிவந்த குடும்பம் வெல்வெட் ஷாம்புவை அப்படிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்புவைக் கிராமப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனது. பின்னாளில் அந்நிறுவனம் கெவின்கேர் ஆனது. 50 காசுக்கு ஒரு பாக்கெட் என்ற விலை, மாதச் சம்பளம் இல்லாத, தினக்கூலியில் வாழும் குடும்பத்தின் செலவு முறைக்குச் சரியாகப் பொருந்தியது. பன்னாட்டு நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்தன. பெட்டிக்கடை முகப்பில் சரம்சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகள், சில சதுர அடிக் கடையில் நூறு வகைப் பொருள்களை விற்க வழிசெய்தன.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. 1977ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளும், வரிகள் உள்ளிட்ட அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்று 1990இல் வந்த திருத்தமும், விலை சொல்லும் உரிமையை உற்பத்தியாளரிடம் கொடுத்தன. தொலைக்காட்சி விளம்பரம் பார்த்த வாடிக்கையாளர் பெயர் சொல்லிப் பொருள் கேட்டார். ‘நல்ல சோப்பு ஒண்ணு குடுங்க’ என்ற கோரிக்கை குறைந்துபோனது. கடைக்காரர் பரிந்துரைப்பவர் என்ற இடத்திலிருந்து எடுத்துக் கொடுப்பவர் என்ற இடத்துக்கு இறங்கினார். ஆயினும் நுகர்வோர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது பாதுகாப்பே. அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் புகார் செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது.

சுயசேவை, உழைப்பு, எதிர்ப்பு

வாடிக்கையாளர் தானே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையை 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி கடை தொடங்கியது. பட்டைக்குறியீட்டை வருடி முதல் பொருளை விற்றது 1974இல், ஓஹியோ மாநிலத்தின் டிராய் ஊரில். தமிழகத்தில் இவ்விரண்டும் பெருமளவில் இணைந்து வந்தது தாராளமயத்துக்குப் பிறகுதான். 1996இல் சென்னையில் தொடங்கிய ஃபுட்வேர்ல்டு, சங்கிலித்தொடர் அங்காடி முறையை நடுத்தர வர்க்கத்துக்கு அறிமுகம் செய்தது. 1983இல் தீக்கிரையான ஸ்பென்சர் கட்டடம் நின்ற இடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்து, பொருள் வாங்கும் இடத்தைப் பொழுதுபோக்கும் இடமாகவும் ஆக்கியது. தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவோ வேறொரு தமிழ் மாதிரியைக் காட்டியது: குளிரூட்டிய அமைதிக்குப் பதிலாக நெரிசல், குறைந்த லாபம், பெருந்திரள் விற்பனை.

அந்த மாதிரியின் பாரத்தைச் சுமந்தவர்கள் விற்பனைத் தளத்தில் நின்ற இளைஞர்களும் பெண்களும். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் 2010இல் அவர்கள் வாழ்வைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் 1947ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தருவதைக் கட்டாயமாக்கியது. உட்காரும் உரிமைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதே அதுவரை நிலவிய நிலைமைக்குச் சாட்சி.

வணிகர்களின் எதிர்ப்பும் இக்காலத்தில் அரசியல் வலுப்பெற்றது. 2012 செப்டம்பரில் பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு வரை அந்நிய முதலீட்டுக்கு நடுவண் அரசு அனுமதி தந்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. தமிழ்நாடு அதை ஏற்க மறுத்தது. இதற்கு முன்பே, இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரடியாக விற்கும் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தமிழக அரசு தொடங்கியிருந்தது. ஒன்று தடுத்து நிறுத்தும் கொள்கை, மற்றது மாற்று வழியைக் கட்டும் கொள்கை. இவற்றில் நீடித்த பயன் தந்தது இரண்டாவதே. ஏனெனில் கட்டடத்துக்குள் வராமல் தடுத்த முதலீடு, சில ஆண்டுகளில் கைபேசி வழியாக வந்து சேர்ந்தது.

மூன்றாம் மாற்றம்: கணக்கு

ஃபிளிப்கார்ட் 2007இல் பெங்களூரில் புத்தக விற்பனையோடு தொடங்கியது. அமேசானின் இந்தியச் சந்தை 2013இல் வந்தது. கடன் அட்டை பரவலாக இல்லாத நாட்டில் இணைய வணிகம் வளர வழி திறந்தது, பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறை. 2016இல் மூன்று நிகழ்வுகள் ஒன்றுகூடின: ஏப்ரலில் யுபிஐ அறிமுகம், செப்டம்பரில் ஜியோவின் மலிவான இணையம், நவம்பர் 8 அன்று பணமதிப்பிழப்பு. 2020 ஜனவரியில் யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகர் தர வேண்டிய கட்டணத்தை அரசு நீக்கியது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தின் யுபிஐ பரிவர்த்தனைகள் 1,000 கோடியைத் தாண்டின. இளநீர் வண்டியிலும் பூக்காரம்மாவின் கூடையிலும் கியூஆர் அட்டை ஏறியது. வந்த தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் சிறு ஒலிபெருக்கி, திரையைப் படிக்க வேண்டிய அவசியத்தையே நீக்கியது. சிறு வணிகர் இவ்வளவு விரைவாக ஏற்றுக்கொண்ட தொழில்நுட்பம் அரிது.

ஆனால் இங்கேதான் மூன்றாவது அதிகாரம் கைமாறுகிறது. மளிகைக் கடைச் சிட்டையில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுதும் இருக்கும். மாத முதல் வாரத்தில் லிஸ்ட் வரும். சம்பளம் தாமதமானால் கணக்கில் எழுதுவார்கள். வீட்டில் விசேஷம் என்றால் சர்க்கரையும் நெய்யும் கூடும். யாருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பதைக் கடைக்காரர் அந்த ஏட்டையும் தன் நினைவையும் கொண்டு முடிவுசெய்தார். வட்டியில்லாத அந்தக் கடன் வங்கி எட்டிப் பார்க்காத வீடுகளைத் தாங்கியது.

விரைவு வணிகச் செயலிகள் 2020க்குப் பிறகு பரவின. வாடிக்கையாளர் நுழையாத சிறு கிடங்குகளைக் குடியிருப்புகளுக்கு நடுவே வைத்து அவை இயங்குகின்றன. எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, எந்தப் பால் பாக்கெட் போகிறது என்பது அவற்றின் பதிவில் சேர்கிறது. அந்த அறிவைக் கொண்டு சரக்கைத் திட்டமிடுகிறார்கள். திரையின் முதல் வரிசையில் எந்தப் பொருளைக் காட்டுவது என்பதை உற்பத்தியாளருக்கு விளம்பர இடமாக விற்கிறார்கள். வேகத்தை நாம் வியக்கிறோம். உண்மையான மூலதனம் இந்தப் பதிவேடுதான். சாலையில் அந்த வேகத்தைச் சுமக்கும் ஓட்டுநர்களுக்காகத் தமிழக அரசு 2023இல் நலவாரியம் அமைத்தது வரவேற்கத்தக்க முதல் படி.

சட்டம் இதுவரை தொட்டிருப்பது ஓரங்களையே. இணையச் சந்தையை நடத்துபவர் பங்கு வைத்திருக்கும் விற்பனையாளர் அங்கே விற்கக்கூடாது என்ற அந்நிய முதலீட்டு விதி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதரின் தகவலைக் காப்பதற்கானது. ஒரு கடையின் வியாபாரப் பதிவு யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி அது பேசவில்லை. எந்தச் செயலியிலிருந்தும் எந்தக் கடையிலும் வாங்கக்கூடிய பொது வலையமைப்பாக ஓஎன்டிசி 2022இல் ஐந்து நகரங்களில் சோதனை தொடங்கியது. அவற்றில் கோயம்புத்தூரும் ஒன்று. கடைக்காரர் ஒரே நிறுவனத்தை அண்டியிருக்கத் தேவையில்லை என்பதே இதன் சிறப்பு. ஆனால் தனிக்கடை தனியாக இதில் இணைந்து பெரிய பயன் பெறாது.

முடிவுரை

அளவு போனபோது கடைக்கு அரசு முத்திரையின் நம்பகத்தன்மை கிடைத்தது. விலை போனபோது நூறு வகைச் சரக்கு கிடைத்தது. கணக்கு போகும்போது மாற்றாக என்ன கிடைக்கிறது? இதுவரை உடனடிப் பணவரவு என்ற வசதி மட்டும்தான். இது சமமான பரிமாற்றம் அல்ல.

வரலாறு காட்டும் பாடம் தெளிவானது. கருவியை மறுத்ததால் எந்தத் தலைமுறையும் பிழைக்கவில்லை. கருவியோடு சேர்த்து அமைப்பையும் உருவாக்கியவர்களே பிழைத்தார்கள். மகமை பள்ளிக்கூடமானது, கூட்டுறவு கடையானது, உழவர் சந்தை விவசாயிக்கு வாசலானது. இன்றைய தேவை, ஒரு வட்டாரத்துக் கடைகள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் பொதுவான சரக்குப் பட்டியல், பொதுவான விநியோகம், தங்கள் விற்பனைப் பதிவு தங்களுக்கே சொந்தம் என்ற சட்ட உரிமை. கூட்டுறவுத் துறையிடம் இதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுதோறும் மே 5 அன்று வணிகர் தினம் கொண்டாடும் சங்கங்கள், வரி, உரிமக் கட்டணம் பற்றிய கோரிக்கைகளுக்குப் பக்கத்தில் இந்தப் பதிவு உரிமையையும் முதல் வரிசையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கடையும் தனித்தனியே செயலிகளைச் சார்ந்து நின்றுவிட்ட பிறகு இதைக் கேட்பதில் பயனிருக்காது. கேட்க வேண்டிய காலம் இதுதான்.