வேட்டைத் துப்பாக்கிகளின் இயக்க வகைகள்

துப்பாக்கியின் இயக்கம் என்பது தோட்டாவை அறைக்குள் செலுத்தி, அறையைப் பூட்டி, சுட்ட பின்னர் வெற்றுக்கூட்டை வெளியேற்றும் பொறியமைப்பைக் குறிக்கும். ரைபிள் எனப்படும் புரிகுழல் துப்பாக்கிகள் இவ்வமைப்பின் அடிப்படையில் பல வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. பயிரை அழிக்கும் விலங்குகளையும், கால்நடைகளையோ மனிதரையோ தாக்கும் ஊனுண்ணிகளையும் சுடுவதற்கு எந்த வகை ஏற்றது என்பது சுடும் தொலைவு, இரண்டாவது குண்டின் தேவை, நம்பகத்தன்மை, நாட்டின் சட்டம் ஆகியவற்றைப் பொறுத்து அமையும்.

வகைகள்

ஒற்றைத் தோட்டா வகை: ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடப்படும். குழலை மடக்கித் திறக்கும் அமைப்பும், அறையின் பின்புறக் கட்டை கீழிறங்கும் அமைப்பும் இதில் அடங்கும். 1871 இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி இவ்வகையைச் சேர்ந்தது. எளிமையும் உறுதியும் இதன் சிறப்புகள். முதல் குண்டு தவறினால் மீண்டும் தோட்டா இடுவதற்கு நேரமாகும்.

இரட்டைக் குழல் வகை: இரண்டு குழல்களும் தனித்தனிச் சுடும் பொறியும் கொண்டது. ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் இயங்கும். இரண்டாவது குண்டை உடனே சுடலாம். அண்மையில் பாயும் பெரிய விலங்குகளுக்கு எதிராக இது விரும்பப்பட்டது. இதன் எடையும் விலையும் அதிகம்.

போல்ட் வகை: கைப்பிடியுள்ள உருளை ஒன்றைத் திருப்பிப் பின்னிழுத்து முன்தள்ளுவதன் மூலம் இயங்குவது. கதவுத் தாழ்ப்பாளைப் போன்றே இது பூட்டிக்கொள்ளும். செருமானியரான டிரைசே உருவாக்கிய துப்பாக்கியைப் பிரசியப் படை 1841 இல் ஏற்றது. 1898 ஆம் ஆண்டின் மவுசர் வடிவமே பிற்கால வேட்டை ரைபிள்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாகும்.

நெம்புகோல் வகை: விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழிறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா அறைக்குள் செல்லும். 1860 இல் காப்புரிமை பெற்ற ஹென்றி ரைபிள் இதன் தொடக்கக்கால எடுத்துக்காட்டு. பல நெம்புகோல் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலின் கீழுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். ஒரு குண்டின் முனை முன்னுள்ள தோட்டாவின் வெடிமூட்டியைத் தொடுவதால் கூர்முனைக் குண்டுகள் இவற்றுக்குப் பாதுகாப்பானவை அல்ல. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1895 ஆம் ஆண்டு வின்செஸ்டரில் பெட்டி அமைப்பு இருந்ததால் இச்சிக்கல் நீங்கியது.

பம்ப் வகை: குழலின் கீழுள்ள பிடியை முன்னும் பின்னும் நகர்த்தி இயக்குவது. ரைபிள்களைவிடச் சிதறுகுண்டுத் துப்பாக்கிகளில் இது மிகுதி.

அரைத் தானியங்கி வகை: வெடிப்பின் வளிமத்தையோ பின்னுதைப்பையோ பயன்படுத்தி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு மட்டுமே வெளிப்படும்.

தெரிவுக்கான காரணிகள்

சிறு விலங்கு தொலைவில் இருக்கும்போது துல்லியமே முதன்மையானது. போல்ட், பூட்டும் நிலையில் அறையுடன் இறுகப் பொருந்துவதால் ஒவ்வொரு குண்டும் ஏறத்தாழ ஒரே விதமாக வெளியேறுகிறது. எனவே அமெரிக்காவில் புல்வெளி நாய் முதலிய கொறிணிகளைச் சுடுவோர் கனத்த குழலுள்ள போல்ட் ரைபிள்களைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். இதற்கு மாறாக, ஒலியெழுப்பி வரவழைக்கப்படும் கயோட்டி போன்ற ஓநாய்க் குடும்ப விலங்குகள் ஒன்றுக்கு மேற்பட்டு, விரைந்து வரக்கூடும். அங்கே அரைத் தானியங்கியின் விரைவு பயன்படுகிறது.

தூசி, சேறு, மழை ஆகியவற்றில் அசையும் உறுப்புகள் குறைந்த வகைகளே குறைவாகச் சிக்குகின்றன. மடக்கும் வகையிலும் போல்ட் வகையிலும் அறை வெறுமையாக உள்ளதா என்பதைக் கண்ணால் எளிதில் சரிபார்க்கலாம்.

காயப்பட்டுத் தப்பும் விலங்கு துன்புறுவதுடன் பிறருக்கும் ஆபத்தாகலாம். 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலியின் வலப்புறக் கோரைப் பற்கள் முன்பொருமுறை பட்ட குண்டால் உடைந்திருந்தன. இயல்பான இரையை அது கைவிட்டதற்கு இதுவே காரணம் என ஜிம் கார்பெட் கருதினார். ஆகவே விரைந்து சுடுவதைவிட முதல் குண்டு சரியான இடத்தில் படுவதே முதன்மையானதாகக் கொள்ளப்படுகிறது.

இந்திய வரலாற்றில்

சம்பாவத் புலியை 1907 இல் சுட்டதற்காகக் கார்பெட்டுக்கு .275 ரிக்பி ரைபிள் பரிசளிக்கப்பட்டது. இது மவுசர் முறையிலான போல்ட் துப்பாக்கி. ருத்ரபிரயாகைச் சிறுத்தையை 1926 இல் அவர் சுட்டதும் இதனாலேயே. பெரிய புலிகளுக்கு .450/400 இரட்டைக் குழல் ரைபிளையும் அவர் பயன்படுத்தினார்.

பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) சவளகிரி உள்ளிட்ட தமிழ்நாட்டுக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிச் சென்றவர். அவர் பயன்படுத்தியது .405 அளவுள்ள 1895 ஆம் ஆண்டு வின்செஸ்டர், அதாவது நெம்புகோல் வகை.

விடுதலைக்குப் பிறகு இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் .315 அளவுள்ள ரைபிளை உரிமம் பெற்ற பொதுமக்களுக்காகச் செய்தன. இது லீ-என்பீல்டு வழிவந்த போல்ட் வகை. இராணுவத் தோட்டாவான .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்ததால் வேறு அளவு தேர்ந்தெடுக்கப்பட்டது.

சட்டம்

1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 1991 இல் செய்யப்பட்ட திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தன. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்ல, பிரிவு 11 இன் கீழ் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். பிரிவு 62 இன் கீழ் நடுவண் அரசு சில விலங்குகளைக் குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிர் என அறிவிக்கலாம். இவ்வாறான அறிவிப்பின்படி பீகாரில் 2016 இல் 200க்கும் மேற்பட்ட நீலான்கள் சுடப்பட்டன. இது நாடு முழுவதும் விவாதத்துக்குள்ளானது.

ஆயுதச் சட்டம், 1959 இன் கீழ் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் தேவை. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அரைத் தானியங்கி ரைபிள்கள் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. துப்பாக்கி உரிமம் விலங்கைச் சுடுவதற்கான உரிமம் அன்று.

தமிழ்நாட்டில்

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகள் குறித்துத் தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் நடைமுறை ஒன்றை அறிவித்தது. இதன்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடுதல் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். எனவே சிவகங்கை மாவட்டம் நெற்குப்பை போன்ற ஓர் ஊரின் வயலாயினும், மலையடிவார வயலாயினும், காப்புக்காட்டிலிருந்து உள்ள தொலைவே முதலில் பார்க்கப்படும். எந்நிலையிலும் சுடுபவர் வனத்துறையினரே; உழவர் அல்லர்.

நீலகிரியில் ஆட்கொல்லிப் புலி ஒன்று 2014 சனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டது. 2021 இல் டி23 எனக் குறிக்கப்பட்ட புலியோ பல நாள் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி உயிருடன் பிடிக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

ஜிம் கார்பெட்
கென்னத் ஆண்டர்சன்
வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972
காட்டுப்பன்றி