மண்ணெண்ணெய்க் காலமும் மண்கும்பான் மோட்டார் சைக்கிளும்

யாழ்ப்பாணக் குடாநாடு 1990 ஆம் ஆண்டு தொடக்கம் 1995 ஆம் ஆண்டு வரை அனுபவித்த பொருளாதாரத் தடையைப் பற்றி எழுதப்பட்டவை பல. எந்தப் பொருள் தடுக்கப்பட்டது, என்ன விலைக்கு விற்கப்பட்டது, யார் தடுத்தார் என்ற விவரங்கள் அவற்றில் கிடைக்கும். ஆயின் அந்தத் தடையை மக்கள் தம் கைகளால் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது போதிய அளவு பதிவாகவில்லை. குறிப்பாக, பெற்றோல் இல்லாத ஊரில் மோட்டார் சைக்கிள்களை ஓட வைத்த மெக்கானிக்குகளின் வரலாறு இன்றுவரை வாய்மொழியாகவே இருக்கிறது. அந்த மனிதர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அதனாலேயே இதனை எழுத நேர்ந்தது.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்டதும் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் எனத் தடைப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்தது. அதுவும் சங்கக்கடை வரிசையில் நின்று பெற வேண்டிய பொருளாயிற்று. அச்சுத்தாள் இல்லாமல், கோடு போட்ட கொப்பித் தாளிலே பத்திரிகை அச்சிட்ட காலம் அது. பத்திரிகைத் தொழிலில் இருந்த எங்களுக்குத் தாளும் எரிபொருளும் ஒன்றுக்கொன்று சளைக்காத கவலைகளாக இருந்தன. செய்தி சேகரிக்கப் போவதற்கும், அச்சான பிரதிகளை ஊர்களுக்குக் கொண்டு செல்வதற்கும் துவிச்சக்கர வண்டி அல்லது மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்ற இரண்டே வழிகள்தாம் இருந்தன.

மண்ணெண்ணெயில் இயந்திரம் ஓடுமா?

ஓடும்; ஆனால் எளிதில் உயிர் பெறாது. காரணத்தை விளங்கிக் கொள்ளக் காபரேட்டரின் தொழிலைச் சற்று அறிய வேண்டும். உள்ளிழுக்கப்படும் காற்று ஒடுங்கிய குழாய் வழியே விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இழுவையில், கீழேயுள்ள சிறு கிண்ணத்தில் தேங்கி நிற்கும் எரிபொருள் ஜெற் எனப்படும் நுண்துளை வழியாக மேலேறிக் காற்றுடன் துளித்துளியாகக் கலக்கிறது. ஹங்கேரி நாட்டின் டொனாட் பான்கி, யானோஸ் சொன்கா ஆகிய இருவரும் 1893 இல் இத்தகைய காபரேட்டருக்கு உரிமம் பெற்றனர். அன்று வகுத்த தத்துவமே ஜப்பானின் ஹொண்டா வண்டி வரை தொடர்ந்தது.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்குக் கீழே தீப்பற்றப் போதிய ஆவியைத் தராது. முழுமையாக ஆவியாக 150 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஈரமாகவே போய்ப் பிளக்கை நனைத்துவிடும். இயந்திரம் சூடேறிய பின்னரே அது எரியத் தொடங்கும்.

இதற்கு யாழ்ப்பாணத்தார் கண்ட வழி எளிமையானது. ஒரு சிறு பிளாஸ்டிக் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அதைப் பொன்போலப் பாதுகாப்பார்கள். காபரேட்டருக்குள் சில துளிகள் பீச்சி, உதைத்து, இயந்திரம் சூடாகும் வரை உறுமவிட்டு, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இடையில் வண்டி நின்று ஆறிவிட்டால் மீண்டும் சில துளிகள். எனவே நடுவழியில் நின்று பேசுவோர் கூட இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினர். தெருவெங்கும் வெண்புகை; கண்ணெரிவு; உடுப்பில் நீங்காத மண்ணெண்ணெய் வாடை.

இது உலகில் எங்கும் காணாத புதுமை அன்று. 1917 இல் உற்பத்தியான ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியது. பிரித்தானிய விவசாயிகள் பல ஆண்டுகள் அவ்வாறான எண்ணெயைப் பயன்படுத்தினர். இரண்டாம் உலகப் போரின்போது தமிழ்நாட்டில் பேருந்துகள் கரிவாயுவில் ஓடின. ஆயின் அங்கெல்லாம் தொழிற்சாலைகள் அதற்கென வடிவமைத்த பொறிகள் இருந்தன. இங்கே தொழிற்சாலை என்பது வேப்பமர நிழலும் ஒரு திருகுச் சாவிப் பெட்டியுமே.

தீவகத்தாருக்கு இந்த வித்தை ஓரளவு முன்னரே பழக்கமானது என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். கரையோர மீனவரின் வெளியிணைப்பு இயந்திரங்களிற் பல, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. கடலில் கற்றதைத் தரையில் பொருத்துவது அவர்களுக்குப் பெரிய பாய்ச்சலாக இருக்கவில்லை.

ஒரு வண்டியின் இடப்பெயர்வு

பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டியைத் தாண்டினால் மண்கும்பான். வெண்மணலும் பனையும் பிள்ளையார் கோயிலும் உடைய ஊர். அப்பால் சாட்டியும் வேலணையும். 1990 ஆகஸ்டில் படையினர் தீவகத்தில் தரையிறங்கியதும் மக்கள் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். 1991 இறுதிக்குள் தீவகம் முழுவதும் படையினர் வசமாயிற்று. எஞ்சிய வீடுகளின் கூரையும் கதவும் மறைந்தன.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் அவ்வேளையில் மண்கும்பானிலிருந்து தம் ஹொண்டா மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவர். ஐந்து ஆண்டுகள் அவ்வண்டி யாழ்நகரில் மண்ணெண்ணெய் குடித்தது. 1995 அக்டோபர் 30 ஆம் நாள் குடாநாட்டின் வலிகாமம் பகுதியே பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, சன நெரிசலில் அதை உருட்டிச் செல்ல முடியாமல், உறவினர் வீட்டுப் பின்கோடியில் சாக்குகளால் மூடிவிட்டுப் போனார். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்த பின்னரே அவர் ஊர் திரும்பினார். வண்டி அங்கேயே இருந்தது. அதை ஒரு சிறிய லொறியில் ஏற்றி மண்கும்பானுக்குக் கொண்டு வந்தார். பழுது பார்க்க வந்த முதிய மெக்கானிக்கின் பக்கத்தில் அன்று நானும் இருந்தேன்.

நெடுங்காலம் நின்ற வண்டியில் முதலில் நோயுறுவது காபரேட்டர். எரிபொருளின் இலேசான பகுதி ஆவியாகிவிடும். எஞ்சியது காற்றுடன் சேர்ந்து அரக்குப் போன்ற பசையாகி நுண்துளைகளை அடைத்துவிடும். தாங்கியின் உட்புறம் துருப்பிடிக்கும். அந்தத் துருத்தூளும் கீழே இறங்கும். மிதவையின் ஊசி ஒட்டிக்கொண்டால், ஒன்று எரிபொருள் வராது, அல்லது நிற்காமல் வழியும். ஈரமும் உப்பும் கலந்த காற்று, வார்ப்பு உலோகத்தில் வெண்மையான தூளைப் பூக்க வைக்கும்.

அந்த மெக்கானிக் உதைத்துப் பார்க்கவே இல்லை. பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் சில துளி எண்ணெய் விட்டு, இயந்திரம் இறுகவில்லை என்பதைக் கையால் மெல்லச் சுழற்றி அறிந்தார். தாங்கியை வடித்துக் கழுவினார். காபரேட்டரின் கிண்ணத் திருகுகளுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தார். மறுநாள் கிண்ணம் கழன்றது. அடியில் பழுப்புப் பசை; அதன்மேல் கறுத்த படிவு. ஜெற்றுகளைக் கழற்றிப் பெற்றோலில் ஊற வைத்து, சைக்கிள் பம்பினால் காற்றடித்தார். உருக்குக் கம்பியால் குத்தவே கூடாது என்றார். பித்தளை மென்மையானது, துளை மயிரிழையளவு பெருத்தாலும் கணக்குக் கெட்டுவிடும். மீன்பிடி நரம்பின் ஓர் இழையே அவருடைய கருவி.

எல்லாம் பூட்டிய பின் வண்டி உயிர் பெற்றது. ஆனால் வேகம் கொடுத்தால் கரும்புகை; பிளக் நனைந்து நின்றது. மீண்டும் கழற்றினார். பெரிய ஜெற்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாஸ்டர், உது பெற்றோல் குடிச்ச வாய் இல்லை. மண்ணெண்ணெய் குடிச்ச வாய்."

தடைக்காலத்தில் யாரோ ஒருவர், தடிப்பான மண்ணெண்ணெய் தாராளமாக ஏற வேண்டுமென்று அந்தத் துளையைப் பெருப்பித்திருந்தார். பெருத்த துளையைச் சிறுப்பிக்க முடியாது. யாழ்நகரில் புதிய ஜெற் வாங்கிப் பூட்டி, காற்றுத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சீராக்கிய பின்னரே வண்டி ஒழுங்காக ஓடியது.

அந்தப் பித்தளைத் துண்டு நெல்மணியிற் சற்றே பெரியது. ஐந்தாண்டுப் பொருளாதாரத் தடை அதிலே அளவாகப் பதிந்திருந்தது. எந்த ஆவணக் காப்பகத்திலும் அத்தகைய சான்று இல்லை.

மறுபக்கம்

இதை வெறும் சாதனையாகப் போற்றி முடிப்பது நேர்மையாகாது. மண்ணெண்ணெய் முழுதாக எரிவதில்லை. எரியாத பகுதி வளையங்களைத் தாண்டி இறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்யும், தேய்மானம் விரைவாகும். நல்ல வண்டிகள் பல அவ்வாறே அழிந்தன. அந்தப் புகையை ஒரு தலைமுறையே சுவாசித்தது.

அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றுண்டு. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளை படிப்பதற்கும் அதே மண்ணெண்ணெய்தான் வேண்டும். வண்டிக்கு ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் ஏதோ ஒரு வீட்டின் சில இரவுகளுடைய வெளிச்சம். நோயாளியை ஏற்றிச் சென்ற வண்டியும் உண்டு. வசதி படைத்தவரின் வீண் ஓட்டமும் உண்டு. தடையின் பாரம் எல்லார் தோளிலும் சமமாக விழவில்லை. நமது பத்திரிகைகள் அன்று வெளியிலிருந்து விதிக்கப்பட்ட கொடுமையை எழுதின. அது நியாயமே. உள்ளே நிகழ்ந்த இந்தப் பங்கீட்டை எழுதியது குறைவு.

2022 இல் இலங்கை முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, தென்னிலங்கை முதன்முறையாகக் கண்டதை வடபகுதி இரண்டாம் முறையாகக் கண்டது. இம்முறை பழைய வித்தையும் கைகொடுக்கவில்லை, மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. அந்த ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக அது உயர்ந்தபோது முதலில் அடிபட்டவர்கள், யாழ்ப்பாணத்தாருக்கு முன்பே இந்த வித்தையை அறிந்திருந்த கடற்றொழிலாளரே.

காபரேட்டரின் காலம் முடிந்து வருகிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் புதிய மோட்டார் சைக்கிள்கள் மின்னணு எரிபொருள் பீச்சும் முறைக்கு மாறிவிட்டன. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகளும் அவற்றைத் திருத்தத் தெரிந்தவர்களும் மதிப்புப் பெற்றனர். அது நெடுநாள் நீடிக்காது.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது, உங்கள் தெருவில் கராஜ் வைத்திருந்த முதியவர் இருப்பாராயின் அவரோடு அரைநாள் அமர்ந்து பேசுங்கள். எந்தக் குழாயை எங்கே பொருத்தினார், எதைத் தேய்த்தார், எதை அடைத்தார் என்று கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். பின்கோடியில் துருப்பிடித்த வண்டி கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுமுன் அதன் காபரேட்டரைக் கழற்றிப் பாருங்கள். போரை நடத்தியவர்களின் குறிப்புகள் நூலகங்களில் சேர்ந்துவிட்டன. போருக்குள் வாழ்க்கையை நடத்தியவர்களின் குறிப்புகளை நாம்தாம் சேர்க்க வேண்டும்.