நரககுண்டம் எந்தத் தீவு? ஓர் எரிமலைக் கரையும் கல்கத்தா ஆவணங்களும்

கிரேக்கத்தின் சான்டோரினித் தீவில் அக்ரோத்திரி ஊருக்கு அருகே ஒரு செந்நிறக் கடற்கரை உண்டு. அதே தீவின் கமாரி, பெரிசா கரைகளில் மணல் கரியது. இரும்பு மிகுந்த எரிமலைக் கசடு சூடு தணியுமுன் காற்றோடும் நீராவியோடும் கலந்து துருவேறினால் செம்மை. துருவேறாத பாறை அலையில் அரைபட்டால் கருமை. நுரைக்கல் மிகுந்த இடத்தில் வெண்மை. சுற்றுலா விளம்பரங்களில் வண்ணக் காட்சியாக வரும் இது, நிலவியலாளருக்கு வெடிப்புகளின் பதிவேடு. தீவின் பெயர் வேறொரு பதிவேடு. பண்டைய கிரேக்கர் தேரா என்றனர். புனித ஐரீன் பெயரிலமைந்த தேவாலயத்தைக் கொண்டு இடைக்கால இலத்தீன் மாலுமிகள் சான்டோரினி என்றனர். கடலையே பொங்க வைத்த மலைக்கு அந்தப் பெயரில் இடமில்லை. மாலுமியின் கண்ணில் முதலில் பட்டதே பெயராகிறது என்பதை நினைவில் கொள்வது நல்லது. கீழே வரும் வழக்குக்கு அது தேவைப்படும்.

ஆப்பிரிக்கத் தட்டு ஏஜியன் கடலுக்கடியில் அமிழ்வதால் சான்டோரினி உண்டானது போல, இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் கீழ் அமிழ்வதால் அந்தமானுக்குக் கிழக்கே இரண்டு எரிமலைத் தீவுகள் எழுந்தன. தெற்கே இருப்பது பேரன் தீவு: சுமார் மூன்று கிலோமீட்டர் அகலம், வட்டமான மதில் போன்ற பழைய எரிமலைவாய், அதன் நடுவே சாம்பல் கூம்பு, மேற்குப் பக்கம் கடலை நோக்கிய ஓர் உடைப்பு, கரிய மணலும் கசடும் கொண்ட கரை. வடக்கே இருப்பது நார்கொண்டாம்: சுமார் 710 மீட்டர் உயரம், உச்சிவரை காடு, உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இருவாச்சி இனம். முன்னது இன்றும் கனல்கிறது, பின்னது உறங்குகிறது.

இவற்றைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் பெரும்பகுதி கல்கத்தாவில்தான் உருவானது. 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் பேரன் தீவில் இறங்கினார். கூம்பு புகை கக்கிக்கொண்டிருந்தது. பல டன் எடையுள்ள செந்தணல் கற்கள் அடிவாரத்தைத் தாண்டி விழுந்து கிடந்தன. அக்காட்சியின் விவரம் 1795இல் ஆசியச் சங்கத்தின் 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' நான்காம் தொகுதியில், கோல்புரூக் எழுதிய அந்தமான் கட்டுரை வழியாக அச்சேறியது. 1857இல் மௌவாட் தலைமையிலான அந்தமான் குழு வந்து சென்றது. 1873இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வாலண்டைன் பால் வந்தார். 1891இல் சிப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் உலர்தாவரக் காப்பாளர் டேவிட் பிரெயின் இரு தீவுகளிலும் செடிகளைச் சேகரித்தார். இறங்குகரையில் கடலோடு கலக்கும் வெந்நீர் ஊற்று ஒன்றை வந்தவர்களில் பலரும் குறித்தனர். வருகைக்கு வருகை அதன் வெப்பம் குறைந்துகொண்டே வந்தது. மலை அடங்கிவருகிறது என்ற எண்ணமும் அதோடு வலுத்தது.

இவர்களுக்கு இடையில் 1884இல் சென்றவர் எஃப். ஆர். மாலட். அதே நிலவியல் துறையைச் சேர்ந்தவர். இரு தீவுகளைப் பற்றிய அவரது நூல் 1885இல் துறையின் வெளியீடாகக் கல்கத்தாவில் வந்தது. அவர் யூலுக்கு எழுதிய ஒரு கடிதத்தில்தான் இன்று எங்கும் உண்மைபோல் திரும்பச் சொல்லப்படும் கதை பிறந்தது.

ஹென்றி யூல் மார்க்கோ போலோ பதிப்பின் குறிப்பொன்றில், நார்கொண்டாம் என்ற பெயரில் 'நரக' என்ற சொல் ஒலிக்கிறது, 'நரககுண்டம்' ஆக இருக்கலாம் என்று ஊகித்திருந்தார். மாலட் தீவைப் பார்த்துவிட்டு மறுத்தார்: அங்கே குழியே இல்லை, பல்லாயிரம் ஆண்டுகளாக நெருப்பும் இல்லை. நரகக் குழி என்ற பெயர் பேரன் தீவுக்குத்தான் பொருந்தும். ஆகவே இரு தீவுகளின் பெயர்களும் இடம் மாறியிருக்கலாம். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இக்கருத்தை ஏற்கத்தக்கது என்றே எழுதியது. (தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல், நூல் வெளிவருமுன் 1882இல் மறைந்துவிட்டார்.) அகராதி 'இருக்கலாம்' என்றதைப் பின்வந்தோர் 'இருந்தது' ஆக்கினர்.

ஒலியியல் இதற்குத் தடையில்லை. நரக-குண்டம் என்பதில் க, கு என்று அடுத்தடுத்து வரும் ககர அசைகளில் ஒன்று கெடுவது பல மொழிகளிலும் காணப்படுவது. உகரம் ஐரோப்பியர் எழுத்தில் ஒகரமாவதும் புதிதன்று: குமரி கொமோரின் ஆயிற்று, குளச்சல் கொலாச்செல் ஆயிற்று. தீக்குண்டம், வேள்விக்குண்டம் என்று பழகிய தமிழ்ச் செவிக்கு இந்த விளக்கம் உடனே இனிக்கும். ஆனால் ஒலி மாற்றம் இடங்கொடுப்பது வேறு, அம்மாற்றம் நடந்ததற்குச் சான்று இருப்பது வேறு.

சான்று எங்கே? அதே அகராதிப் பதிவிலேயே, எதிர்த்திசையில். 1598இல் வந்த லின்ஸ்கோட்டன் பயண நூலின் ஆங்கிலப் பெயர்ப்பில் இத்தீவு 'வியாகொண்டம்'. 1778ஆம் ஆண்டுக் கடல் வரைபடமொன்றில் 'அய்கொண்டா அல்லது நார்கொண்டாம்'. வியாகொண்டம், அய்கொண்டா ஆகிய வடிவங்களில் 'நர்' என்ற தொடக்கமே இல்லை. நரகத்தை மூலமாகக் கொள்வோர் முதலில் வியா, அய் ஆகியவை எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். எழுத்தர் பிழை என்று ஒதுக்கினால், பிழையற்ற மூலம் ஒன்றையாவது காட்ட வேண்டும். இரண்டையும் எவரும் செய்யவில்லை.

பெயர் மாற்றத்துக்கும் இதே கதிதான். 1778 வரைபடம் இரு தீவுகளையும் ஏறத்தாழ இன்றைய இடங்களிலேயே காட்டுகிறது. 1781இன் வரைபடமொன்று போர்ச்சுகீசியர் கணக்கில் ஒரு நார்கொண்டாமையும் பிரெஞ்சுக்காரர் கணக்கில் இன்னொன்றையும் வெவ்வேறு அட்சரேகைகளில் குறித்தது. மாலட் இதைக் குழப்பத்துக்குச் சான்றாகக் கொண்டார். ஆனால் போர்ச்சுகீசியர் கணக்கு 13 பாகை 45 கலை. உண்மை நார்கொண்டாம் 13 பாகை 26 கலை அளவில் உள்ளது. பேரன் தீவோ 12 பாகை 17 கலை. பழைய மரபு பிழைபட்டும் சரியான தீவையே சுட்டுகிறது. பிரெஞ்சுக் கணக்கு இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அதை அளவைப் பிழை என்று கொள்வதே எளிது, அகராதியும் அதற்கு இடம் விட்டிருக்கிறது. பொருள் பொருந்தவில்லை என்பதற்காகத் தீவை மாற்றுவதைவிட, சொற்பிறப்பை ஐயுறுவதே முறை. மாலட் முதலில் செய்த மறுப்பு கூர்மையானது. அதன்பின் ஊகத்தைக் கைவிடாமல் தீவை நகர்த்தியதுதான் வியப்பு.

சோழர் கடற்பயணத்தை இங்கே இழுப்பதும் உதவாது. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'மாநக்கவாரம்' நிக்கோபாரைக் குறிப்பது; அதன் வடக்கேயுள்ள இவ்விரு மலைகளுக்கும் அதில் பெயரில்லை.

மாலட் தணிந்துவருவதாகக் கண்ட மலை 1991 மார்ச்சில் மீண்டும் வெடித்தது. அக்டோபர் வரை கனன்றது. எரிகுழம்பு மேற்கு உடைப்பின் வழியே கடலில் இறங்கி, பிளேர் காலம் முதல் வந்தோர் கால்வைத்த கரையைப் புதிய கரும்பாறையால் மூடியது. 1994-95இலும் 2005இலும் மறுபடி வெடிப்புகள். இன்று பயணிகள் படகிலிருந்து பார்க்கலாம்; இறங்க அனுமதியில்லை.

லின்ஸ்கோட்டன் ஒரு சிறு குறிப்பும் விட்டுச் சென்றிருக்கிறார்: வியாகொண்டம் என்று அழைப்போர் 'அங்கு வாழ்வோர்'. நார்கொண்டாமில் குடிகள் இல்லை. அவரோ கோவாவுக்குக் கிழக்கே பயணம் செய்தவர் அல்லர். கேட்டெழுதிய பெயர் அது. சொன்னவர் பெகு வழிக் கப்பல்களில் சென்ற மாலுமியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அக்கப்பல்களில் தமிழ், தெலுங்கு, வங்காளம், மோன், மலாய் எல்லாம் பேசப்பட்டன. 'கொண்டா' என்றால் தெலுங்கில் மலை என்பதை மாலட் கேட்டிருக்கமாட்டார் போலும். அதுவும் ஊகமே. ஆனால் உயரத் தீவு என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த ஒரு மலைக்கு, நரகத்தைவிட அது அருகில் நிற்கிறது.