பெயர் விளையும் இடம்: அல் கோபார் வட்டாரமும் புனைகதை எழுத்தாளர் அடையாளமும்

1938 மார்ச்சில் சவூதியின் கிழக்கு மாகாணத்திலுள்ள தம்மாமின் ஏழாம் எண் கிணற்றில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தபோது, பக்கத்திலிருந்த அல் கோபார் ஒரு சிறிய கடற்கரைக் குடியிருப்பு. அங்கிருந்துதான் அவ்வாண்டு சவூதி எண்ணெய் படகுகளில் பஹ்ரைனுக்குப் போனது. அந்த வட்டாரத்துக் கதைகளும் நெடுங்காலம் எண்ணெயைப் போலவே வெளியே போய்த்தான் விலை பெற்றன. கிழக்கு மாகாணத்தைப் புனைகதையாக்கியவர்கள் வெளியூர்ப் பதிப்பகத்தில் பெயர் வாங்கினார்கள். அந்தப் பெயர் உள்ளூருக்குத் திரும்பி வந்ததும் உண்டு, வராமலே போனதும் உண்டு. இந்தப் போக்கையும் அதில் தமிழ் எழுத்தாளனின் இடத்தையும் இக்கட்டுரை தேடிப் பார்க்கிறது.

முதலில் அப்துர் ரஹ்மான் முனீஃப். அம்மானில் 1933இல் பிறந்தவர், சவூதித் தந்தையின் மகன், எண்ணெய்ப் பொருளாதாரம் படித்தவர். 1963இல் சவூதிக் குடியுரிமை பறிக்கப்பட்டது. ஐந்து பாகங்களாக விரிந்த அவரது ‘உப்பு நகரங்கள்’ நாவல் வரிசையின் முதல் பாகம் 1984இல் பெய்ரூத்தில் வெளியானது. அதில் வரும் ஹர்ரான் என்ற துறைமுக ஊரைத் தஹ்ரானாகவே விமர்சகர்கள் அடையாளம் காண்கிறார்கள். தஹ்ரான் கோபாருக்கு அண்டை ஊர். அமெரிக்கர்களுக்குக் குளிர்ச்சியான வேலியிட்ட குடியிருப்பு, அரபுத் தொழிலாளிக்குத் தகிக்கும் கொட்டகை என்று ஊர் இரண்டாகப் பிளவுபடும் பக்கங்கள், எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் முகாம் வாழ்க்கையை அறிந்தவருக்குப் புதிதாகத் தோன்றாது. புத்தகம் சவூதியில் தடைசெய்யப்பட்டது. நாடற்றவர், தடைசெய்யப்பட்டவர் என்ற அடையாளம் முனீஃபின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அதை அவர் திட்டமிட்டு உண்டாக்கவில்லை, அரசே செய்து கொடுத்தது என்பது என் கணிப்பு.

துர்க்கி அல் ஹமத் 1990களின் பிற்பாதியில் அதே பாதையில் வந்தார். தாம் வளர்ந்த தம்மாமின் அல் அதாமா பகுதியின் பெயரையே நாவலுக்கு வைத்தார். அந்தப் புத்தகமும் வெளிநாட்டில் அச்சாகி, உள்நாட்டில் தடைக்கு உள்ளானது.

1986இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹத் கடற்பாலம் கோபாரைப் பஹ்ரைனோடு இணைத்தது. அதன் நீளம் 25 கிலோமீட்டர். பாலத்தின் அக்கரையில், 1992 முதல் 2013 வரை பென்னி டேனியல் என்ற மலையாளி வேலை பார்த்தார். வாசகர்கள் அறிந்த பெயர் பென்யாமின். சவூதிப் பாலைவனத்தில் ஆட்டுப் பண்ணையில் சிக்கிய ஒருவரின் உண்மைக் கதையிலிருந்து அவர் எழுதிய ‘ஆடுஜீவிதம்’ 2008இல் திருச்சூரின் கிரீன் புக்ஸ் வெளியீடாக வந்து, நூறு பதிப்புகளைத் தாண்டியது. இங்கே கவனிக்க வேண்டியது விற்பனை அல்ல. அவருக்கு முன்பே ஒரு ஏணி தயாராக இருந்தது. பஹ்ரைன் கேரளீய சமாஜம் 1947இல் தொடங்கியது. பென்யாமினின் முதல் கதைத்தொகுதிக்கு விருது கொடுத்தது அபுதாபி மலையாளி சமாஜம். வளைகுடாவுக்குள்ளேயே நூலகம், மேடை, பரிசு எல்லாம் இருந்ததால், அவருக்கென்று சிறு வாசகர் வட்டம் அங்கேயே உருவாக வழி இருந்தது.

தமிழில் அப்படியொரு ஏணி கிடையாது. தமிழனுக்கு முன்மாதிரியாகக் கிடைத்தவர் சுஜாதா. பகலில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஸ். ரங்கராஜன், வாரப் பத்திரிகையில் மனைவி பெயரில் சுஜாதா. அலுவலகத்தில் ஒருவர், அச்சில் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு, கஃபீலின் (வேலைக்குப் பொறுப்பேற்கும் முதலாளி) தயவில் இக்காமா (தங்கும் அனுமதி) புதுப்பிக்கும் சவூதித் தமிழனுக்கும் பொருந்திவருகிறது. ஆனால் சுஜாதாவைத் தூக்கி நிறுத்தியவை வாரப் பத்திரிகைகள். அவற்றுக்குக் கதையைத் தபாலில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவனுக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை.

1999 நிலைமையை மாற்றிய ஆண்டு. சவூதியில் இணையம் பொதுமக்களுக்கு வந்ததும் ‘திண்ணை’ இணைய இதழ் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். 2004இல் வலைப்பூக்களைத் திரட்டித் தரும் ‘தமிழ்மணம்’ வந்தபின் வலைப்பூ வைத்திருந்தவர்கள் ஆசிரியரின் தயவில்லாமலே வாசகரைச் சேர்த்தார்கள். துபாயிலிருந்து எழுதிய நாகூர்க்காரர் ஆபிதீன் இதில் விதிவிலக்கான ஆள். தம் வலைப்பூவில் தம் கதைகளை முன்னே தள்ளாமல், பிறர் எழுத்தையும் இசையையும் கிண்டலோடு பகிர்ந்தே பெயர் எடுத்தார். சுயவிளம்பரம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் அவரது ‘இடம்’, ‘உயிர்த்தலம்’ தொகுப்புகளைத் தேடி வாசகர்கள் போனதற்கு அந்தப் பக்கங்களும் காரணம். சவூதித் தமிழரின் வாழ்க்கையை நாவலாக்கிய மீரான் மைதீனின் ‘அஜ்னபி’யோ தமிழ்நாட்டு இலக்கிய வட்டத்தின் வழியாகவே பேசப்பட்டது.

இதற்கிடையே உள்ளூரில் காற்று திசை மாறிவிட்டது. அல் அஹ்ஸாக்காரர் உசாமா அல் முஸ்லிம் ஜின்களும் சூனியக்காரிகளும் வரும் கற்பனை நாவல்களால் இளையோரைக் கவர்ந்தவர். 2024 மே மாதம் மொராக்கோவின் ரபாத் புத்தகக் கண்காட்சியில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போக, அவரது கையெழுத்து நிகழ்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. யார் இவர் என்று விமர்சகர்களே கேட்டார்கள். பெய்ரூத்தின் பரிந்துரை, தடை, நாடுகடத்தல் எதுவும் இல்லாமல் கிழக்கு மாகாணத்திலிருந்து புறப்பட்ட பெயர் அது. முனீஃபுக்கும் இவருக்கும் இலக்கியத் தரத்தில் உள்ள தூரம் அதிகம்தான். ஆனால் பெயர் பயணப்படும் திசை தலைகீழானதை மறுக்க முடியாது.

கோபார்த் தமிழ் எழுத்தாளனின் சிக்கல் இதைவிட எளிமையானது, நாட்காட்டி சம்பந்தப்பட்டது. சென்னைப் புத்தகக் காட்சி நடப்பது பொங்கலை ஒட்டி. புத்தகங்கள் வெளியாவதும், பத்திரிகைகள் பட்டியல் போடுவதும், வாசகர் அரங்குக்கு வந்து கையெழுத்து கேட்பதும் அப்போதுதான். வளைகுடாக் குடும்பங்களுக்கு ஊருக்குப் போகும் விடுமுறை பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மூடும் ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. ஜனவரியில் புத்தகம் மட்டும் அரங்கில் இருக்கும், எழுதியவர் அல் கோபாரில் ஷிஃப்டில் இருப்பார். அந்த விடுமுறையோடு ஒத்துப்போவது ஆகஸ்டில் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாதான். வளைகுடா எழுத்தாளர்களின் நூல்களை வெளியிடும் பதிப்பகங்கள் சென்னையைவிட ஈரோட்டைக் குறிவைப்பதே புத்திசாலித்தனம்.